அசெக்கோன் குவித்த நுரைக்கற்கள்

நகோலெய் ஆற்றங்கரையில் அசெக்கோனை யாரும் அசெக்கோன் என்று கூப்பிடுவதில்லை. எலும்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடு மேய்க்கிறவள் ஆட்டுக்காரி, மீன் காயவைக்கிறவள் மீன்காரி என்றால் எலும்புக்குக் காவல் இருக்கிறவள் எலும்புக்காரிதானே, இதில் என்ன தப்பு என்று ஊர் கேட்கும். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவள் பெயர் அவலாகக் கிடைத்திருந்தது. அவள் கோபப்பட்டதில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். அவள் இருந்த இடத்தில் அது கிடைக்காது.

ஆறு என்பது பெயருக்குத்தான். மழை பெய்தால் ஒரு பொழுது ஓடும், மற்ற நாளெல்லாம் மணல். ஊரும் ஏரிக்கரையும் கீழே இருந்தன. அவள் குடிசை மேலே, ஆறு எரிமலைச் சாம்பல் மேடுகளை அறுத்துக்கொண்டு இறங்குகிற இடத்தில் இருந்தது. அங்கே புல் கிடையாது, நிழலுக்கு ஒரே ஒரு கருவேல மரம். தண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்று தோண்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை நைரோபியிலிருந்து லாரிகள் வரும். கூடாரங்கள் முளைக்கும், அடுப்புப் புகையும், பாட்டுப் பெட்டி அலறும். தரையைச் சுரண்டி எலும்பு தேடுவார்கள். பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்ச மாதங்களுக்கு அந்தப் பள்ளங்களையும், அவற்றின் மூலையில் அடித்த இரும்பு முளைகளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முளைகள் மறுநாளே எவன் கையிலாவது காப்பாகவோ கத்தியாகவோ மாறிவிடும். ஆண்பிள்ளை ஒருவனும் இந்த வேலைக்கு வரவில்லை. ஆடு மேயாத இடத்தில் மனுஷன் இருப்பானா என்றார்கள்.

அசெக்கோன் வந்தாள். அவளுக்கு ஆடும் இல்லை, மனுஷரும் இல்லை.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் கழுத்தில் பாசிமணி தாடை வரை ஏறி நின்றது. சிரித்தால் ஏரிக்கரையில் கேட்கும் என்பார்கள். புருஷன் இரண்டாவது பெண்ணைக் கட்டிக்கொண்டு மந்தையோடு மலைப்பக்கம் போனான். மழை வந்ததும் வருகிறேன் என்றான். மழை வந்தது, அவன் வரவில்லை. அவளிடம் ஒரே ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருந்தான். நடந்துகொண்டிருக்கும்போது வழியிலேயே பெற்ற பிள்ளை என்பதால் ஏரோட், அதாவது பாதை, என்று பெயர் வைத்திருந்தாள்.

ஏரோட்டுக்கு முன்பல் விழுந்து, சிரித்தால் சந்து தெரிகிற வயது. மீன்காரர்களின் படகில் ஏறிப் போவதற்குத் தினம் அழுவான். ஒரு நாள் விட்டாள். மத்தியானம் காற்று திரும்பியது. எங்கள் ஏரியில் காற்று திரும்பினால் பெரிய படகே தாங்காது. மூன்று ஆண்கள் நீந்தி வந்தார்கள். பிள்ளை வரவில்லை. அன்றும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. முதலை இருக்கிற ஏரி, தேடாதே என்றார்கள். அவள் தேடினாள். காலையில் கரையோரம் வடக்கே நடப்பாள், சாயங்காலம் தெற்கே நடப்பாள். அலை கொண்டுவந்து போட்டதெல்லாம் வெள்ளை வெள்ளையாக நுரைக்கற்கள்தான். ஏரிக்கு நடுவே இருக்கும் எரிமலைத் தீவு எந்தக் காலத்திலோ கக்கிய கல். உள்ளெல்லாம் ஓட்டை, எடையே இருக்காது, தண்ணீரில் மிதக்கும். எங்கள் பெண்கள் அதை எடுத்துக் குதிகால் தேய்ப்பார்கள். அசெக்கோன் எதற்கும் தேய்க்காமல் சும்மா பொறுக்கி வந்தாள். மிதந்து கரை சேர்ந்ததை விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை.

பாசிமணியைக் கழற்றியவள் பிறகு போடவேயில்லை. துக்கத்துக்கு ஒரு வருடம் போதாதா என்று பெண்கள் கேட்டார்கள். அவள் புகையிலையை அதக்கிக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கல் எல்லோருக்கும் விழாது. மந்தை கட்டி ஆண்ட குடும்பத் தலைவன் செத்தால் புதைத்து மேலே கல் குவிப்பார்கள். நிறையப் பெற்று வளர்த்த தாய் செத்தாலும் குவிப்பார்கள். அந்த வழியாகப் போகிறவன் எவனானாலும் ஒரு கல்லைப் பொறுக்கிக் குவியலில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போடாமல் போனால் செத்தவர் முகம் சுளிப்பார். சின்னப் பிள்ளைக்கு அது கிடையாது. உடம்பே கிடைக்காத சின்னப் பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். ஏரோட்டுக்காக உலகத்தில் ஒரு கல்கூட விழவில்லை.

அந்த நிலையில்தான் அவள் கூடாரக்காரர்களிடம் வேலைக்குப் போனாள். மண் சலிக்கிற வேலை. மேஸ்திரி எக்குவாம் அவள் புருஷனுக்குப் பங்காளி. ஆகவே அவளைக் கிண்டல் செய்வது தன் பிறப்புரிமை என்று நினைத்தவன்.

"மதினி, மாவு சலிக்கிற மாதிரி சலிக்காதீங்க. எலும்பு ஓடிப்போயிரும்."

"உன்னை மாதிரி பேசிக்கிட்டே சலிச்சாதான்டா ஓடும்" என்பாள்.

ஒரு நாள் எக்குவாம்தான் சாம்பல் மேட்டின் அடியில் அந்த ஆதி மனுஷத் தாடையைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் நடையே மாறிப்போனது, தரையில் கால் படவில்லை. ஆனால் தாடையிலிருந்து உதிர்ந்த பல் அசெக்கோனின் சல்லடையில்தான் வந்து நின்றது. அரிசி போல ஒரு சின்னப் பல். கல்லாக மாறிக் கறுத்திருந்தது. கல்லுக்காரன் கியாலோ அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். கியாலோ தெற்கே கம்பா இனத்துப் பையன், படித்தவன். கல்லுக்கு வயது சொல்வது அவன் வேலை. எங்கள் பேச்சைத் தப்புத் தப்பாகப் பேசுவான், தயங்காமல் பேசுவான்.

"பால்பல் அக்கா. விழற நேரத்துல செத்திருக்கு. நம்ம பிள்ளைங்க மாதிரின்னா ஆறேழு வயசு."

அசெக்கோன் சல்லடையைக் கீழே வைத்தாள். ஏரோட்டுக்குப் பல் விழுந்தபோது அதை எங்கே வைத்தோம் என்று யோசித்தாள். நினைவு வரவில்லை. அதற்காகவும் அவளுக்கு அழுகை வந்தது.

"செத்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"அதான் கேள்வி. எலும்பைக் கேட்டா சொல்லாது அக்கா. இவ்வளவு பழசானா எலும்பு கல்லாயிரும், அதுல இருந்த கணக்கெல்லாம் அழிஞ்சிரும். மேல கிடக்கே சாம்பல், அதைத்தான் கேக்கணும். எரிமலை கக்கறப்போ அந்தச் சூட்டுல சாம்பலுக்குள்ள இருக்கற பொடிப் பளிங்கெல்லாம் வெறும் வயித்தோட வரும். ஆறினப்புறம் அதுக்குள்ள இருக்கற பொட்டாசியம் மெதுவா, ரொம்ப மெதுவா, ஆர்கான்னு ஒரு காத்தா மாறும். வெளிய போக வழியில்லாம உள்ளேயே அடைஞ்சு கிடக்கும். எவ்வளவு காத்து அடைஞ்சிருக்குன்னு பார்த்தா, கக்கி எவ்வளவு காலமாச்சுன்னு தெரிஞ்சிரும். சாம்பலுக்குக் கீழ கிடக்கற பிள்ளை அந்தச் சாம்பலை விட மூத்தவன்."

"போர்வைக்கு வயசு கேட்டுட்டுப் பிள்ளைக்கு வயசு சொல்றேங்கற."

கியாலோ சிரித்தான். "அதேதான்."

"கல்லுல நார் உரிக்கிறவன்டா நீ."

தாடை பஞ்சில் படுத்து நைரோபிக்குப் போனது. கூடாரங்களும் போயின. சாம்பல் மேட்டில் ஒரு பள்ளமும் நான்கு இரும்பு முளைகளும் அசெக்கோனும் மிஞ்சினார்கள்.

தனியாக இருக்கிறவர்களுக்குப் பொழுது போகாது என்பது உண்மையில்லை. பொழுது போய்விடும். அதை யாரிடமும் சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம். அசெக்கோன் தினம் பள்ளத்தைச் சுற்றி வருவாள். முளைகளைத் தொட்டுப் பார்ப்பாள். கூடாரக்காரர்கள் விட்டுப்போன மக்காச்சோள மாவில் களி கிண்டித் தின்பாள். ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்று சட்டியைத் தட்டுவாள். அந்தப் பிள்ளை செத்த நாளில் இங்கே யார் இருந்திருப்பார்கள் என்று நினைப்பாள். ஒரு தாய் இருந்திருப்பாள். அவளும் இப்படித் தேடியிருப்பாள்.

ஒரு நாள் குடிசையில் சேர்த்து வைத்திருந்த நுரைக்கற்களில் ஒன்றை எடுத்து, கொழுப்பும் செங்காவியும் குழைத்துத் தடவிப் பள்ளத்துக்கு மேலே இருந்த சாம்பல் விளிம்பில் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. மறுநாள் இன்னொன்று வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு எலும்பு இருந்தது, தாய் இல்லை. அவள் பிள்ளைக்குத் தாய் இருந்தாள், எலும்பு இல்லை. இரண்டு பேருக்குமாக ஒரு குவியல் போதும் என்று வைத்துக்கொண்டாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். அவள் பித்து அங்கே வெள்ளையாகக் குவிந்தது. குவியல் முழங்கால் உயரம் வந்தபோது, நெடுநாளைக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் பகலில் படுத்துத் தூங்கினாள்.

அந்த வருடம் மழை பலமாகப் பெய்தது. குவியலின் ஒரு பக்கம் சரிந்து, சாம்பல் சேற்றோடு சேற்றாக மேட்டில் வழிந்து, காய்ந்து, சிமெண்டு பூசியது போல இறுகிவிட்டது. மிச்சக் கல் விளிம்புக்குப் பின்னால் அப்படியே இருந்தது. கியாலோ அவசரமாக ஒரே ஒரு நாளைக்கு வந்தான். லாரி இன்ஜினைக்கூட நிறுத்தவில்லை. சாம்பல் மேட்டைச் சுத்தியலால் தட்டினான். சாம்பலுக்குள்ளிருந்து முஷ்டி அளவு நுரைக்கற்கள் பெயர்ந்து வந்தன.

"அக்கா, அக்கா, இங்க பாருங்க! மூணு வருஷமா இப்படி ஒரு கல்லு வராதான்னு தேடிக்கிட்டிருந்தேன். வெறும் சாம்பலை விட இது நல்லது. உள்ள பெரிய பெரிய பளிங்கா இருக்கும். கடல் தாண்டி அனுப்பி வயசு கேக்கலாம்."

அசெக்கோன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவை எந்தக் கற்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. பயந்து அல்ல. சந்தோஷத்தில். ஊர் ஒரு கல்கூடப் போடாத தன் மகனுடைய கல்லை, ஒரு படித்த பையன் நல்ல கல் என்று சொல்லி, துணியில் சுற்றி, வயது கேட்பதற்காகக் கடல் தாண்டி அனுப்பப் போகிறான். அவளைப் பொறுத்தவரை கல் கல்தான். ஏரியில் கிடந்தால் என்ன, மேட்டில் கிடந்தால் என்ன. எல்லாம் எரிமலை போட்டதுதானே. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"பத்திரமா கொண்டு போ தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருடம் கூடாரங்கள் வரவில்லை. ஒரே ஒரு லாரி வந்தது. கியாலோவும் எக்குவாமும் இறங்கினார்கள். கியாலோ இளைத்திருந்தான். வணக்கம் சொன்னவன் குரலில் உப்புச் சப்பில்லை. எக்குவாம் கையில் கடப்பாரை இருந்தது.

"என்னடா கடப்பாரை?"

"முளையைப் புடுங்க வந்திருக்கோம் மதினி. கடையைக் கட்டியாச்சு. எல்லாரும் அக்கரைக்குப் போறாங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் நல்ல எலும்பு கிடைக்குதாம்."

அவள் தேநீர் வைத்தாள். மரத்தடியில் உட்கார்ந்து, இனிப்புத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே கியாலோ குடிக்காமல் இருந்தான். பிறகு சொன்னான். நுரைக்கல்லுக்கு வயது வந்துவிட்டது. ரொம்பச் சின்ன வயது. போன வாரம் கக்கிய மாதிரி என்று படித்த பெரியவர்கள் கேலி பேசினார்கள். சாம்பலிலேயே இருந்த தூளைச் சோதித்தால் வேறு வயது வருகிறது. ஆக இந்த மேடு முழுக்க வெள்ளம் கலந்து போட்ட குப்பை, இதன் சாம்பலை நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். சாம்பலை நம்ப முடியாவிட்டால் கீழே கிடந்த தாடைக்கும் வயது இல்லை.

"நான்தான் இந்த மேடு சுத்தம்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன்" என்றான். "இப்ப என் மூஞ்சியில யாரும் முழிக்கறதில்ல. அது போகட்டும். அந்தத் தாடைதான்... அலமாரியில தூக்கிப் போட்டுட்டாங்க அக்கா. வயசு தெரியாத எலும்பு அநாதை. எந்தக் கூட்டத்துல வச்சும் அதைப் பேச முடியாது."

சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பாதியாக அறுத்த நுரைக்கல். "இதுதான் என் குடியைக் கெடுத்த கல்லு."

உள்ளே வெள்ளை. வெளியே, ஓட்டைகளுக்குள், மங்கலாகச் சிவப்பு. கியாலோ அதை ஏதோ துருக்கறை என்று நினைத்திருந்தான். அசெக்கோன் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கொழுப்பு வாடை போயிருந்தது. காவி போகவில்லை.

"கல்லு பொய் சொல்லுமா தம்பி?"

"கல்லு பொய் சொல்லாது அக்கா. தன் வயசைத்தான் சொல்லும். தான் எங்கேருந்து வந்தோம்னு சொல்லாது. அது எடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

கியாலோ எழுந்து போய் லாரியில் எதையோ தேடினான். எக்குவாம் முதல் முளையைப் பிடுங்கினான். அது மண்ணிலிருந்து வருகிற சத்தம் கேட்டது. அசெக்கோன் அந்தப் பாதிக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். இவர்கள் போய்விடுவார்கள். குவியல் அவளுக்கே சொந்தம். இங்கே எவனும் வரமாட்டான், எவனும் சிரிக்கமாட்டான். சாகிற வரைக்கும் தினம் ஒரு கல் வைக்கலாம். பேசினால் குவியல் போய்விடும். அது நிற்கிற விளிம்பில்தான் சாம்பல் கெட்டியாக, கலப்பில்லாமல் இருக்கிறது என்று கியாலோவே பல தடவை சொல்லியிருக்கிறான். அதைத்தான் வெட்டுவார்கள். அதோடு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆனால் அலமாரியில் கிடந்த அந்தப் பிள்ளை அவளை விடவில்லை. அதற்கு இருந்தது அந்த வயது ஒன்றுதான். அதையும் அவள் எடுத்துவிட்டாள். ஏரி தனக்குச் செய்ததைத் தான் இன்னொருத்தி பிள்ளைக்குச் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் உட்கார முடியவில்லை.

எக்குவாம் இரண்டாவது முளைக்குக் கடப்பாரையை வைத்தான்.

"நிறுத்துடா!"

அவள் போட்ட சத்தத்தில் கியாலோ லாரியிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக் கேட்டாள்: "என் மடியில வேற ஒருத்தி பிள்ளையை உக்கார வச்சு, இவன் யார் சாடைன்னு உன்னைக் கேட்டா என்ன சொல்லுவ?"

"என்ன அக்கா சொல்றீங்க?"

"இது இந்த மேட்டுக் கல்லு இல்ல தம்பி. ஏரிக் கல்லு. நான் கொண்டு வந்தது. நான்தான் காவி தடவி மேல வச்சேன். மழையில சரிஞ்சு உன் சாம்பலோட ஒட்டிக்கிச்சு. நீ எடுத்தது அதைத்தான்."

விளிம்புக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். மிச்சக் குவியல் வெயிலில் வெளுத்து நின்றது. ஒவ்வொரு கல்லிலும் மங்கிய காவி. கியாலோ குந்தி உட்கார்ந்து ஒன்றைத் தொட்டான். நகத்தால் காவியைச் சுரண்டிப் பார்த்தான்.

எக்குவாமுக்குத்தான் முதலில் விளங்கியது. எங்கள் ஆள் அல்லவா.

"கொழந்தைக்குக் கல்லா?" என்றான். "ஏரோட்டுக்கா? ஏன் மதினி, உங்களுக்கு என்ன கிறுக்கா? நம்ம சனத்துல எவளாவது இப்படிச் செய்வாளா? தண்ணியில போனவனுக்கு மேட்டுல கல்லு வைப்பாளா?" சிரிக்கவும் செய்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் அவனைப் பார்த்த பார்வை அப்படி.

"அன்னைக்கே ஏன் அக்கா சொல்லல?" என்றான் கியாலோ. கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"நீ நல்ல கல்லுன்ன. என் மகன் கல்லை ஒருத்தன் நல்ல கல்லுன்னு சொன்னா, நான் ஏன் தம்பி வேண்டாம்னு சொல்றேன்? கடல் தாண்டிப் போகுதேன்னு சந்தோஷமா இருந்தேன். இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது."

கியாலோ தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். விளிம்பை வெட்டினால் உள்ளே மழை படாத சாம்பல் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் மறுபடி சோதிக்கலாம். ஆனால் குவியல்...

"தெரியும்" என்றாள். "ஒருத்தனும் தொடாதீங்க. நான் எடுக்கறேன்."

அவளே எடுத்தாள். ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கிழிந்த மீன்வலையில் போட்டாள். வைக்க எத்தனையோ மாதம் ஆனது. எடுக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. மூட்டை பெரிதாக இருந்தாலும் தூக்கினால் கனக்கவில்லை. நுரைக்கல் அப்படித்தான். கனமாக இருந்திருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள்.

கியாலோ விளிம்பை ஆழமாக வெட்டி, உள்ளிருந்து புது வெண்ணெய் போன்ற சாம்பலைக் கையளவு எடுத்துத் துணியில் முடிந்துகொண்டான். பிடுங்கிய முளையை எக்குவாம் மறுபடி அடித்தான். போகும்போது அவளைப் பார்க்காமல் ஏறிக்கொண்டான். அவன் வாய் சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இருக்கவும் இல்லை. கொஞ்ச நாளிலேயே ஊற்றுக்கு வந்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி, தன் பிள்ளையை அவள் நிழல் படாமல் இழுத்து வைத்துக்கொண்டாள். எலும்புக்காரி என்ற பெயருக்குக்கூட அவள் ஏங்கும்படி ஆனது. இப்போது அவளை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அந்தக் காத்திருப்புதான் அவள் ஆயுளிலேயே நீளமானது. குடிசையின் மூலையில் வலைமூட்டை இருந்தது. வெளியே வெட்டிய விளிம்பு பல் போன ஈறு மாதிரி தெரிந்தது. சட்டியைத் தட்டுவதையும் விட்டுவிட்டாள். சில நாள் வாய்விட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது சாய்ந்துவிடும். குரல் இருக்கிறதா என்று பார்க்க, "ஏரோட்" என்று சொல்லிப் பார்ப்பாள். குரல் இருந்தது.

லாரிகள் வந்தபோது முதலில் சத்தம்தான் கேட்டது. ஒன்றல்ல, பல லாரிகள். கியாலோ ஓடும் லாரியிலிருந்து குதித்தான்.

"அக்கா! பதினெட்டு லட்சம் வருஷம்! ஒரு பளிங்கு கூட மாத்திச் சொல்லல. எல்லாம் ஒரே வயசு. நான் சொன்னது சரி, மேடு சுத்தம். தாடையை அலமாரியிலேருந்து வெளிய எடுத்துட்டாங்க!"

பதினெட்டு லட்சம் என்பது எவ்வளவு என்று அவளுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. கியாலோ கையை நீட்டி ஏரி, மலை, வானம் எல்லாவற்றையும் காட்டினான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அத்தனை வருஷத்துல அந்தப் பிள்ளைக்கு ஒரு கல்லுகூட விழலையா?"

கியாலோவின் சந்தோஷம் கொஞ்சம் அடங்கியது. "விழுந்துச்சே அக்கா. நீங்க போட்டீங்களே."

"அதையும்தான் எடுத்தாச்சே" என்றாள்.

சாயங்காலத்துக்குள் கூடாரங்கள் முளைத்துவிட்டன. குவியல் நின்ற இடத்தில் கயிறு கட்டிப் புதுப் பள்ளத்துக்குக் கோடு போட்டார்கள். பழைய இடத்திலேயே மறுபடி அடுக்க வழியில்லை என்பது அவளுக்கு விளங்கியது. வேறு மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நான் இடம் காட்டுகிறேன் என்று கியாலோ சொன்னான். எந்த மேட்டில் வைத்தாலும் இன்னொருத்தன் வந்து வயது கேட்பான் என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் விடிந்ததும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினாள். எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே விட்டுவிடுவதாக முடிவு. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று வலையை அவிழ்த்தாள். கற்கள் வெள்ளைக் கோழிக்குஞ்சுகள் போல மிதந்தன. கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி உள்ளே அனுப்பினாள். போ, போ என்றாள். கொஞ்ச தூரம் போயின. காலைக் காற்று எங்கள் பக்கம் எப்போதும் ஏரியிலிருந்து கரைக்குத்தான் அடிக்கும். அவளுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் நின்று பார்த்தாள். கற்கள் ஒன்றொன்றாகத் திரும்பின. அலை மேல் ஏறி இறங்கி, அவள் காலில் வந்து முட்டின. ஒன்றுகூடத் தவறவில்லை போலிருந்தது.

அசெக்கோன் ஏரியைப் பார்த்துக் கத்தினாள்.

"இதையெல்லாம் திருப்பிக் கொடுக்கத் தெரியுதுல்ல உனக்கு? அவனை மட்டும் ஏன் வச்சுக்கிட்ட? அவனை மட்டும் ஏன்டி வச்சுக்கிட்ட?"

ஏரி அலையடித்தது. அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதாள். கரையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அழுது முடிந்ததும் எழுந்தாள். ஈரக் கற்களைப் பொறுக்கினாள். குடிசைக்குக் கொண்டுபோகவில்லை. படகுகள் கரையேறுகிற இடத்தில், கிளைப்பனையின் பக்கத்தில், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிற இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்தாள். காற்று உருட்டாமல் இருக்க மேலே ஒரு கனத்த கருங்கல்லை வைத்தாள். இனி யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். யாருக்கு இந்தக் கல் என்று யாராவது கேட்டால், என் மகன் ஏரோட்டுக்கு என்று சொல்லலாம். பெயரை நாக்கிலேயே வைத்துக்கொண்டு குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படகுகள் வந்தன. ஜிலேபி மீன்களைக் கூடை கூடையாக இறக்கினார்கள். ஆட்கள் குவியலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வெயில் ஏறியது.

யாரும் கேட்கவில்லை.